நச்செஸிலிருந்து ஓர் அறபுக் கடிதம்

அமெரிக்காவின் ஆரம்பகால அரசியல் என்று சொன்னால், "அது நமக்கெதற்கு? பிள்ளைகளின் சரித்திரப் பாடத்துக்கு வேண்டுமானால் உதவும்" என்று பக்கத்தைப் புரட்டி விடுவோர் உண்டு. ஆனால் அந்த நாட்டின் பழைய ஆவணங்களுக்கிடையே வலமிருந்து இடமாக எழுதப்பட்ட தாள்களும் சில இருக்கின்றன என்று சொன்னால், சற்று நின்று வாசிப்பீர்கள் அல்லவா? அவற்றில் இரண்டைப் பற்றியே இங்கு சொல்லப் போகிறேன். ஒன்று ஓர் அரசரின் ஒப்பந்தம். மற்றது ஓர் அடிமையின் கடிதம். இரண்டுக்கும் இடையில் நாற்பது வருடங்கள். முதலாவது இல்லாதிருந்தால் இரண்டாவதை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தின் கதையை முதலில் பார்ப்போம். 1776இல் அமெரிக்கர் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை பிரித்தானியக் கொடியின் நிழலில் கடலோடிய அவர்களது வர்த்தகக் கப்பல்களுக்கு இப்போது பாதுகாப்பில்லை. அந்த வேளையில், 1777 டிசம்பரில், மொறோக்கோவின் ஸுல்தான் முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் தமது துறைமுகங்களுக்குள் தடையின்றி வரக்கூடிய நாட்டவர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் அமெரிக்கரின் பெயரும் இருந்தது. உலகில் பலர் அந்தப் புதிய நாட்டை நாடென்றே ஏற்காத காலம் அது. நீட்டிய கையைப் பற்றிக்கொள்ள அமெரிக்கக் காங்கிரஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. வருடங்கள் ஓடின. பொறுத்துப் பார்த்த ஸுல்தான் 1784 ஒக்டோபரில் 'பெட்ஸி' என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்தார். மாலுமிகளுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஒப்பந்தம் எழுத வாருங்கள் என்பதே அதன் பொருள். அடுத்த வருடமே அவர்களை விட்டும் விட்டார்.

தோமஸ் பார்க்லே என்ற தூதர் மர்ராகிஷ் நகருக்கு வந்தார். ஹிஜ்ரி 1200, ஷஃபான் 25ஆம் நாள், அதாவது 1786 ஜூன் 23இல், அறபு மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஸுல்தானின் முத்திரை வைக்கப்பட்டது. இருபத்தைந்து பிரிவுகள். வருடாந்தக் கப்பம் எதுவும் கேட்கப்படவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் தோமஸ் ஜெபர்சன் பாரிஸிலும் ஜோன் அடம்ஸ் லண்டனிலும் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டார்கள். இந்த ஜோன் அடம்ஸின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1789 டிசம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் இதே ஸுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதி, பதில் தாமதித்ததற்கு வருத்தம் தெரிவித்தார். எங்கள் நாட்டில் பொன்னோ வெள்ளியோ வெட்டும் சுரங்கங்கள் இல்லை, நீண்ட யுத்தத்தின் அழிவிலிருந்து இப்போதுதான் தேறி வருகிறோம் என்ற கருத்தில் பணிவாக எழுதியிருக்கிறார். இன்றைய அமெரிக்காவை மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இருக்கும்.

அந்த இருபத்தைந்து பிரிவுகளில் ஒன்று, இரு நாடுகளுக்கும் இடையே யுத்தம் மூண்டாலும் கைதிகளை அடிமைகளாக்கக் கூடாது, ஒருவருக்கு ஒருவராக மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் 1790இல் அமெரிக்கா எடுத்த முதலாவது குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த ஒப்பந்தத்திலும் பிரிவு இல்லை.

அப்படிப் பிரிவில்லாமல் போன அடிமைகளில் ஒருவர்தான் அப்துர் றஹ்மான் இப்றாஹீம்.

மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய கினி நாட்டில், பூட்டா ஜாலோன் என்று ஒரு மலைப்பிரதேசம் உண்டு. அங்கே திம்போ என்ற ஊரைத் தலைநகராகக் கொண்டு ஒரு முஸ்லிம் அரசு நடந்தது. அதன் தலைவரான அல்மாமி இப்றாஹீம் ஸோரியின் மகன் இவர். குர்ஆனும் அறபும் கற்று, மேலும் படிப்பதற்குத் தூரதேசம் சென்று வந்தவர். 1788இல், இருபத்தாறு வயதளவில், குதிரைப் படையொன்றை நடத்திச் சென்றபோது எதிரிகளிடம் சிக்கினார். அவர்கள் அவரை அடிமை வியாபாரிகளுக்கு விற்றார்கள். அட்லாந்திக் கடலைக் கடந்து மிசிசிப்பி ஆற்றோரத்து நச்செஸ் என்ற ஊரில் தோமஸ் பொஸ்டர் என்ற தோட்டக்காரரிடம் வந்து சேர்ந்தார். தான் இன்னாரின் மகன் என்று சொன்னபோது பொஸ்டர் அவருக்குப் 'பிரின்ஸ்' என்று பெயர் வைத்தார். இளவரசர் என்ற அந்தப் பெயருடனேயே அவர் நாற்பது வருடங்கள் அடிமையாக வேலை செய்தார்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டா ஜாலோன் அரசும் யுத்தக் கைதிகளை அடிமைகளாக விற்றதுதான். மொறோக்கோவிலும் அடிமைகள் இருந்தார்கள். அடிமையை விடுதலை செய்வதை மாபெரும் நன்மையாகப் போதித்த மார்க்கத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் கணக்கு இது. அடுத்தவர் கணக்கை மாத்திரம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது.

1794இல் அவர் இஸபெல்லா என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். இஸபெல்லா கிறிஸ்தவர். தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சி. இருவருக்கும் ஒன்பது பிள்ளைகள். அந்நாட்டுச் சட்டப்படி தாய் யாருடைய உடைமையோ பிள்ளையும் அவருடைய உடைமை. எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்திய அந்தப் பெண், தான் பெற்ற ஒன்பதையும் பொஸ்டரின் சொத்துப் பட்டியலில் சேர்ப்பதற்காகவே பெற்றாள் என்பதை, பிள்ளை பெற்ற நீங்கள் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

1807இல் ஓர் ஆச்சரியம் நடந்தது. சந்தைக்கு வத்தாளைக்கிழங்கு விற்கப் போன அப்துர் றஹ்மான், குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரரை அடையாளம் கண்டார். ஜோன் கொக்ஸ் என்ற வைத்தியர். பல வருடங்களுக்கு முன் கப்பல் வைத்தியராக ஆபிரிக்கக் கரையில் வழிதவறி, நோயுற்று, திம்போவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அப்துர் றஹ்மானின் தந்தையின் வீட்டில் மாதக்கணக்கில் விருந்தாளியாக இருந்தவர். உண்ட உப்பை அவர் மறக்கவில்லை. இளவரசரை விலை கொடுத்து மீட்க எவ்வளவோ முயன்றார். பொஸ்டர் விற்க மறுத்துவிட்டார். தோட்டத்தை நடத்திச் செல்ல இத்தகைய ஆள் வேறு கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. கொக்ஸ் 1816இல் இறந்து போனார்.

1826இல் அப்துர் றஹ்மான் அறபியில் ஒரு கடிதம் எழுதினார். ஆபிரிக்காவிலுள்ள உறவினருக்கென்று எழுதியது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எழுதுகோலைப் பிடிக்காமலே பல பத்து வருடங்கள் போயிருந்தன. ஆனாலும் சிறுவயதில் மனனம் செய்தது எளிதில் அழியாது. பிள்ளைகளின் ஓதற் பாடத்தைப் பக்கத்திலிருந்து கேட்டுத் திருத்தும் உம்மாமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடிதம் அண்ட்ரூ மார்ஷல்க் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் மூலம் செனட்டர் தோமஸ் ரீட்டின் கைக்குப் போய், அங்கிருந்து மொறோக்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைச் சென்றடைந்தது. ஏன் மொறோக்கோ? அறபு எழுதுபவர் 'மூர்' ஆகத்தான் இருக்க வேண்டும், மூர் என்றால் மொறோக்கோக்காரர்தான் என்று எண்ணினார்கள். (போர்த்துக்கேயர் இலங்கையில் நமது முன்னோருக்கு இட்ட பெயரும் இதே மூர்தான். முஸ்லிமைக் கண்ட இடமெல்லாம் ஒரே பெயரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.) உண்மையில் அவருடைய ஊருக்கும் மொறோக்கோவுக்கும் இடையே ஒரு பாலைவனமே கிடந்தது. ஆனால் இந்தத் தவறுதான் அவருக்கு உதவியது. மொறோக்கோ அமெரிக்காவின் உடன்படிக்கை நாடல்லவா? கடிதம் ஸுல்தான் மௌலாய் அப்துர் றஹ்மானுக்குக் காட்டப்பட்டது. தமது பெயரையே கொண்ட அந்த அடிமையை விடுவிக்கும்படி ஸுல்தான் கேட்டுக்கொண்டார். அப்போதைய வெளிநாட்டமைச்சர் ஹென்றி கிளே. ஜனாதிபதி ஜோன் குவின்ஸி அடம்ஸ். ஆம், லண்டனில் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஜோன் அடம்ஸின் மகன்தான்.

கினியிலிருந்து கடத்தப்பட்ட கறுப்பின மனிதர் என்று உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கடிதம் எந்த மேசைக்கும் போயிருக்காது. நட்பு நாட்டு அரசரின் குடிமகன் என்று தவறாக நினைத்ததால் போயிற்று. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1828இல் பொஸ்டர் இணங்கினார். விலை எதுவும் வேண்டாம், ஆனால் அவர் ஆபிரிக்காவுக்கே திரும்ப வேண்டும், அமெரிக்காவில் சுதந்திர மனிதராக வாழக்கூடாது என்பது நிபந்தனை. இந்த விடுதலை அப்துர் றஹ்மானுக்கு மாத்திரம். இஸபெல்லாவை என்ன செய்வது? நச்செஸ் மக்களே பணம் சேர்த்தார்கள். 200 டொலர் கொடுத்து அவளும் மீட்கப்பட்டாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்திலேயே நின்றார்கள்.

அவர்களை மீட்பதற்காக இருவரும் பொஸ்டன், நியூயோர்க், பிலடெல்பியா என்று வடபகுதி நகரங்களில் நிதி திரட்டினார்கள். வொஷிங்டனில் ஜனாதிபதி அடம்ஸை அப்துர் றஹ்மான் நேரில் சந்தித்தார். தமது ஐந்து மகன்மாரும் எட்டுப் பேரப்பிள்ளைகளும் அடிமைகளாகவே இருக்கிறார்கள், அவர்களையும் விடுவித்து என்னுடன் அனுப்பி வையுங்கள் என்று கேட்டார். அடம்ஸ் இதைத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளை மீட்டுக் கொடுக்கவில்லை. அது தேர்தல் வருடம். அடிமைகளுக்கு இடங்கொடுக்கும் ஜனாதிபதி என்று எதிரணியினர் இந்த ஒரு விடயத்தையே பிடித்துப் பிரசாரம் செய்தார்கள். அடம்ஸ் தோற்றுப் போனார்.

நிதி கொடுக்க வந்த கிறிஸ்தவப் பெரியோர் சிலர், ஞாபகார்த்தமாக ஏதேனும் அறபியில் எழுதித் தரும்படி அவரிடம் கேட்பதுண்டு. அப்படி எழுதிக் கொடுத்த தாளொன்று இன்றும் இருக்கிறது. இயேசு கற்பித்த ஜெபத்தின் அறபு வடிவம் என்று அதில் ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் தாளில் இருப்பதோ ஸூறத்துல் பாத்திஹா! அறபு தெரியாதவர்கள் அதை ஜெபம் என்றே நம்பிப் பத்திரப்படுத்தினார்கள். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று சொல்வோரும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வருடங்கள் பிறர் சொன்னதையே செய்த மனிதர், அந்த ஒரு தாளில் தமக்கு விருப்பமானதை எழுதியிருக்கிறார்.

பத்து மாதங்கள் அலைந்தும் தேவையான தொகையில் பாதிதான் சேர்ந்தது. 1829 பெப்ரவரியில் இஸபெல்லாவுடன் கப்பலேறி, மார்ச்சில் லைபீரியாவின் மொன்ரோவியாவில் இறங்கினார். திம்போவுக்கு இன்னும் நெடும் பயணம் இருந்தது. ஜூலையில் காய்ச்சல் கண்டு இறந்து போனார். சொந்த ஊரைப் பார்க்கவேயில்லை.

சேர்ந்திருந்த பணத்தில் இரண்டு மகன்மாரும் அவர்களது குடும்பத்தாரும் மீட்கப்பட்டு, மொன்ரோவியாவில் தாயிடம் வந்து சேர்ந்தார்கள். அதே 1829இல் தோமஸ் பொஸ்டரும் இறந்தார். அவருடைய சொத்துக்களை வாரிசுகள் பங்கிட்டார்கள். இஸபெல்லாவின் மற்றப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பங்கில் ஆளுக்கொரு திசையாக மிசிசிப்பியின் தோட்டங்களுக்குப் போனார்கள்.