உல்லம் மீனும் ஒரு நன்றிச் சடங்கும்

ஆடி, ஆவணி மாதங்களில் சாந்த்ராகாச்சிச் சந்தைக்குச் செல்லும் நம் இல்லத்தார் ‘இலிஷ்’ என்னும் வெள்ளி நிற மீனை நன்கு அறிவர். தமிழகக் கடற்கரையில் அதற்கு உல்லம் என்று பெயர். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஹூக்ளி நதியில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவது அதன் இயல்பு.

கீழை வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் ஓர் அரிய வழக்கம் உண்டு. சரஸ்வதி பூஜையன்று இரண்டு இலிஷ் மீன்களை வாங்கி வந்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு, அறுகம்புல் சாத்தி, குலவையொலியுடன் விருந்தினரைப் போல் வரவேற்பர். ஐப்பசியை ஒட்டி வரும் லக்ஷ்மி பூஜைக்குப் பின் அந்நாள் வரை அம்மீனை உண்பதில்லை. குஞ்சுகள் வளரும் காலத்தில் வலைக்கு ஓய்வு தரும் நோன்பு இது.

அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பழங்குடியினரும் ஆண்டின் முதல் சால்மன் மீனை ஊரோடு பகிர்ந்துண்டு, அதன் எலும்புகளை ஆற்றுக்கே திருப்பி அளிப்பர். பெற்றதற்கு நன்றி, வருங்காலத்திற்கு மிச்சம். இரண்டின் கருத்தும் இதுவே.

முன்னாளில் அலகாபாத் வரை சென்ற இம்மீனின் வழி, 1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அடைபட்டது. 23 செ.மீ.க்குக் குறைந்த மீனைப் பிடிப்பதை மாநில அரசு 2013-இல் தடை செய்தது. ஆயினும் சிறு மீன்கள் சந்தைக்கு வந்தவண்ணமே உள்ளன. மலிவென்று நாம் அவற்றை வாங்கலாமா? பொங்கலன்று கதிரவனுக்கு நன்றி கூறும் நாம், அண்டை வீட்டாரின் நோன்பின் பொருளையும் உணர்வோம். குஞ்சு மீன் நம் அடுக்களைக்கு வேண்டா.