விளிம்பில்லாத சோப்புப் படலம்

கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால், அதில் ஒட்டும் படலம் தன் பரப்பளவைக் கூடியமட்டும் குறைத்துக்கொள்கிறது. அதன் எந்தப் புள்ளியிலும் ஒரு திசையில் எவ்வளவு மேலே வளைகிறதோ, குறுக்கே அவ்வளவு கீழே வளைகிறது. இந்தச் சமநிலை உள்ளவை சிறுமப் பரப்புகள். கம்பியே இல்லாமல், தனக்குள் முழுதாக மூடிக்கொண்ட சிறுமப் பரப்பு உண்டா? நாம் அறிந்த தட்டையான வெளியில் கிடையாது. அப்பரப்பை ஒரு பெரிய பந்துக்குள் அடைத்துப் பந்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். பந்து தொடும் முதல் புள்ளியில் பரப்பு எல்லாத் திசையிலும் உள்நோக்கியே வளைந்தாக வேண்டும். சமநிலை அங்கேயே உடைகிறது. சோப்புக் குமிழி மூடியதுதானே என்று கேட்கலாம். அதைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம். குமிழியோ எங்கும் ஒரே பக்கம் வளைந்தது.

ஆக, தடை வெளியின் தட்டைத்தன்மையில்தான் இருக்கிறது. எனவே வளைந்த வெளி ஒன்றுக்குப் போவோம். நான்கு பரிமாண வெளியில் ஒரு மையத்திலிருந்து சம தொலைவில் உள்ள புள்ளிகளெல்லாம் சேர்ந்தது முப்பரிமாணக் கோளம். அங்கே நேராகப் போகும் எந்தப் பாதையும் பெருவட்டமாகித் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். கணிதவியலாளர் பிளேன் லாசன் 1970-இல் இதைத்தான் பயன்படுத்தினார். ஒன்றுக்கொன்று முற்றிலும் செங்குத்தான இரு பெருவட்டங்களை எடுத்து, ஒன்றில் 6 புள்ளிகளையும் மற்றதில் 4 புள்ளிகளையும் சம இடைவெளியில் குறிப்போம். ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த இரு புள்ளிகளை எடுத்து, ஒரு வட்டத்தின் புள்ளிகளை மற்றதன் புள்ளிகளோடு இணைத்தால் நாற்கரச் சட்டம் ஒன்று கிடைக்கும். அதில் சிறுமப் படலம் ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு விளிம்பையும் அச்சாக்கி 180 பாகை சுழற்றினால், அடுத்த துண்டு மடிப்பே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். சுழற்றி ஒட்டும் இந்த வழி 19-ஆம் நூற்றாண்டிலேயே ஷ்வார்ஸுக்குத் தெரியும். ஆனால் தட்டையான வெளியில் துண்டுகள் முடிவின்றிப் பரவும். கோளத்தில் 12 துண்டுகளோடு பரப்பு மூடிவிடுகிறது. சரிபார்க்கலாம்: முனைகள் 10, விளிம்புகள் 24, முகங்கள் 12. 10 − 24 + 12 = −2; இது இரண்டு துளைகள் கொண்ட மூடிய பரப்புக்குரிய ஆய்லர் எண். 6-க்குப் பதிலாக 8, 10 என்று புள்ளிகளைக் கூட்டினால் துளைகள் மூன்று, நான்கு என ஏறும். எத்தனை துளை கேட்டாலும் பரப்பு தயார்! இவ்வளவு சிறிய கருவியிலிருந்து இவ்வளவு பெரிய குடும்பம் பிறந்தது வடிவியலின் உன்னத சாதனைகளில் ஒன்று.

பிடித்து வைக்கக் கம்பி இல்லாதபோது படலம் சுருங்கி மறைந்துவிடாதா என்ற ஐயம் நியாயமானது. நிலநடுக்கோடு நேரான பாதைதான். ஆனாலும் வடக்கே சற்று நகர்த்தினால் அதன் நீளம் குறைகிறது. சமநிலை வேறு, நிலைத்து நிற்பது வேறு. கோளத்திலுள்ள மூடிய சிறுமப் பரப்புகள் எல்லாமே நிலையற்றவை என்று ஜேம்ஸ் சைமன்ஸ் 1968-இல் நிறுவினார். கையில் பிடிக்கும் படலமாக அவை ஒருபோதும் கிடைக்கா, நிறுவலாகவே கிடைக்கும். பரிமாணம் ஒன்று கூடினால் இடம் இன்னும் தாராளம்: எந்த மூடிய ரீமன் பரப்பையும் (கோணங்களை அளக்கும் விதி கொண்ட பரப்பு), அதன் கோணங்கள் சிதையாமல், நாற்பரிமாணக் கோளத்தில் சிறுமப் பரப்பாக அமைக்கலாம் என்று ராபர்ட் பிரையன்ட் 1982-இல் காட்டினார்.