உச்சி வெயிலில் ஓர் ஆளில்லா வீடு

பேய்க் கதை கேட்பதென்றால் பிள்ளைகளுக்கு உண்ணும் நினைவும் உறங்கும் நினைவும் அற்றுப்போகும். அஞ்சி அஞ்சியே நெருங்கி அமர்வார்கள்; "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். அந்தப் பேய் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பழைய வீட்டைத்தான் காட்டுவார்கள். ஊருக்கு ஊர் அப்படி ஒரு வீடு உண்டு. நம் சிவகங்கைச் சீமையிலோ, செட்டிநாட்டுப் பகுதியில், தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள் உண்டு. அத்தகைய வீடொன்றை ஓவியமாக்க முயன்ற ஓர் இளம்பெண்ணின் அனுபவத்தை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அவள் நம் அண்ணன் மகள். காரைக்குடியில் கல்லூரி மாணவி. ஆங்கில இலக்கியப் பாடத்தில் வரும் ஒரு கதைக்குப் படம் வரைந்து தரும்படி கல்லூரி ஆண்டு மலருக்காகக் கேட்டிருந்தனர். அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட, அஷர் குடும்பத்து மாளிகையின் வீழ்ச்சியைக் கூறும் கதை அது. இளம்பருவ நண்பன் ஒருவன் அழைத்ததன்பேரில் கதை சொல்பவன் அம்மாளிகைக்குச் செல்கிறான். பழம்பெருங்குடும்பத்தில் எஞ்சியவர் அந்நண்பனும் அவன் தங்கையும் மட்டுமே. குடும்பத்துக்கும் வீட்டுக்கும் பெயர் ஒன்றே. இறுதியில் அவ்விருவரும் மடிய, வீடும் பிளந்து, எதிரிலுள்ள குளத்தில் அமிழ்ந்து போகிறது.

நம் அண்ணன் மகள் காகிதத்தில் வரைபவள் அல்லள். கணினியோடு இணைத்த வரைபலகையின்மேல் மின் எழுதுகோலை ஓட்டுவாள். கோடும் வண்ணமும் திரையில் தோன்றும். "சித்தப்பா, இதைப் பாருங்கள்!" என்று முதல் படத்தைக் காட்டினாள். நள்ளிரவு, முழுநிலா, கூரிய கோபுரங்களுடைய ஒரு கோட்டை, பறக்கும் வௌவால்கள், ஒரு சன்னலில் மட்டும் செந்நிற வெளிச்சம். "பயமாயிருக்கிறதா?" என்று ஆவலோடு கேட்டாள்.

"படம் அழகாயிருக்கிறதம்மா; பயம்தான் வரவில்லை" என்றோம். அவள் முகம் வாடிற்று. காரணத்தை இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தோம். அந்தக் கோட்டை அவள் திரைப்படங்களில் கண்டது. அதில் எவரும் உண்டதில்லை, உறங்கியதில்லை, பிள்ளை பெற்றதில்லை. மனிதர் வாழ்ந்திராத வீட்டில் மனிதர் இல்லாமை எப்படித் தெரியும்?

கதையை மீண்டும் படித்தல்

ஆகவே முதல் வேலை மீண்டும் படிப்பதாயிற்று. கதையில் இடத்தைக் குறிக்கும் சொற்களை மட்டும் கோடிட்டு எடுத்தாள். இலையுதிர் காலத்து மங்கலான பகல். தாழ்ந்து தொங்கும் மேகம். வெறித்த கண்களைப் போன்ற சன்னல்கள். சுவரெங்கும் பூஞ்சை. கூரையிலிருந்து நெளிந்து இறங்கும், கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத ஒரு வெடிப்பு. வீட்டைத் தலைகீழாகக் காட்டும் கருநிறக் குளம்.

பட்டியலைப் பார்த்ததும் அவளே வியந்தாள். கதை சொல்பவன் வந்து சேர்வது மாலைப்பொழுது நெருங்குகையில், நள்ளிரவில் அன்று. வௌவாலும் இல்லை. வீட்டின் தோற்றத்தாலேயே ஆசிரியர் அச்சத்தை ஊட்டிவிடுகிறார். கதையைப் படமாக்குவோர் முதலில் செய்ய வேண்டியது இதுவே: கதையில் உள்ளதையும், நாம் நம் நினைவிலிருந்து அதில் ஏற்றியதையும் பிரித்தறிதல்.

பின்னர் அவளிடம் ஒன்று சொன்னோம்: "குளத்தங்கரையில் பாழடைந்த பெரிய வீட்டைத் தேடி நீ அமெரிக்காவுக்குப் போவானேன்? ஊருணிக் கரையில் பார்."

ஊருணிக் கரையில்

சித்திரை மாதத்து ஒரு சனிக்கிழமை, கானாடுகாத்தானை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஊருணி வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எதிரே இரண்டடுக்கு வீடு. முகப்பில் சுதையாலான திருமகள் உருவம் ஒரு கையிழந்து நின்றது. சுவரிடுக்கில் ஓர் ஆலங்கன்று வேரோடியிருந்தது. காவற்காரப் பெரியவர் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்தார்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு அறிந்தவர்க்கு வியப்பில்லை. அறியாதவர் வாசலில் சற்றே நின்றுவிடுவர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கதவுகளெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தலைவாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை பார்வை ஓடும். நடுநடுவே வானம் பார்த்த முற்றங்கள். ஆகவே ஒளி, இருள், மீண்டும் ஒளி, மீண்டும் இருள் என்று மாறி மாறித் தெரியும். வளவைச் சுற்றி அறைகள்; மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் உரியவை. தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும். சுவரில் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் கடுக்காயும் கலந்து மெருகேற்றிய பூச்சு. தொட்டால் இன்றும் குளிர்கிறது.

இவ்வளவு பெரிய வீடு ஏன் வெறுமையாயிற்று? பேயினால் அன்று. நகரத்தார் பலர் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்தனர். 1930ஆம் ஆண்டையொட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர் பணத்தைத் திருப்ப இயலாது நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு; 1930களின் இறுதிக்குள் அது 25 பங்கு ஆயிற்று. பணம் நிலமாக முடங்கிற்று. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. எண்ணற்றோர் காட்டு வழியே நடந்து வந்தனர். பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களும், 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. வருவாய் நின்றது, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். வீடு பலருக்குப் பொதுவாயிற்று. பலருக்குப் பொதுவான கூரையில் ஓடு மாற்ற முன்வருபவர் எத்தனை பேர்?

இதைக் கேட்ட நம் அண்ணன் மகள், "அப்படியானால் நிலம் இழந்த அந்த உழவர் வீடுகளும் இந்நேரம் இப்படித்தான் ஆகியிருக்குமோ?" என்றாள். நாம் விடை கூறவில்லை. ஆனால் அவள் பார்வை ஆழமாகிவிட்டதென்று உணர்ந்தோம்.

புறப்படும்போது, படம் எதற்கென்று காவற்காரர் கேட்டார். பேய்க் கதைக்கு என்றதும் அவர் முகம் மாறிற்று. "பேய் வீடுன்னு மட்டும் போட்டுறாதீங்க ஆத்தா. அந்தப் பேரு ஒட்டிக்கிட்டா பங்காளிங்க வந்து தங்கமாட்டாக. ஆளு தங்காட்டி தூணைப் பிடுங்கி வித்துருவாக" என்றார்.

அது வீண் அச்சமன்று. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பர்: பிரித்தெடுத்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. ஆயினும் இடிந்து மறைந்தவை பல.

திரையில் வளர்ந்த வீடு

கதைக்கு அச்சம் வேண்டும். பெரியவர்க்கு அவதூறு கூடாது. இவ்விரண்டையும் ஒரே படத்தில் நிறைவேற்றுவது எவ்வாறு? இங்கேதான் தொழில்நுட்பம் கைகொடுத்தது.

முதலில் தீப்பெட்டி அளவில் எட்டுச் சிறு வரைவுகள், வண்ணமே இல்லை, கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும். பார்ப்பவர் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யவே இவை. மேலிருந்து நோக்கினால் வீடு பொம்மையாகிறது. வற்றிய ஊருணியின் படியிலிருந்து அண்ணாந்து நோக்கினால் அது நம்மேல் கவிகிறது. அந்த வரைவையே தேர்ந்தாள்.

அடுத்து அடுக்குகள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைவதைப் போல, வானம் ஓர் அடுக்கில், வீடு ஓர் அடுக்கில், நிழல் ஓர் அடுக்கில், ஆலங்கன்றும் பாசியும் வேறோர் அடுக்கில் வரையப்படும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடாது. நிழலின் அடுக்கைப் 'பெருக்கல்' என்னும் முறையில் வைத்தால், கீழுள்ள வண்ணத்தை மறைக்காமல் இருட்டாக மட்டும் ஆக்கும். அவள் கையாண்டது 'கிரிட்டா' என்னும் இலவச மென்பொருள். விலையின்றிக் கிடைப்பதால் எளிய வீட்டுப் பிள்ளைகளும் இதில் பழகலாம்.

பொழுதைப் பற்றி ஒரு தயக்கம் இருந்தது. அப்போது அவளுக்கு மற்றோர் ஓவியத்தைக் காட்டினோம். அமெரிக்க ஓவியர் எட்வர்டு ஹாப்பர் 1925இல் தீட்டிய, இருப்புப் பாதையருகே நிற்கும் வீடு. பகல் வெளிச்சம், ஆளில்லை, தண்டவாளம் வீட்டின் அடிப்பகுதியை மறைத்துக் குறுக்கே ஓடுகிறது. அவ்வளவே. ஆயினும் நெஞ்சு கனக்கிறது. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தின் வீட்டுக்கு இதுவே தூண்டுதல் என்பர்.

"உச்சிப் பொழுதிலே வரைகிறேன் சித்தப்பா!" என்றாள். நம் பாட்டிமார் பிள்ளைகளை வெளியே விடாத நேரம் அன்றோ அது! நிழல்கள் காலடியில் சுருண்டன. வானத்தை நீலமாக்காமல் வெளிறிய சாம்பலாக்கினாள். சுவரின் வெடிப்பு கூரையிலிருந்து இறங்கி, படியைக் கடந்து, ஊருணிச் சேற்றின் வெடிப்புகளோடு கலந்தது. கதையில் குளம் வீட்டை விழுங்கிற்று. இங்கே வீட்டின் உருவைக் காட்டவும் நீரில்லை. திறந்திருந்த ஒற்றைக் கதவின் வழியே ஒளியும் இருளும் மாறி மாறி உள்நோக்கிச் சென்றன. கடைசிக் கதவை வரையாமல் விட்டாள். காட்டாததே கண்ணை இழுத்தது.

இறுதியாக வாசலில் ஒரு கோலம் இட்டாள். அன்று காலையில் இட்ட புதுக்கோலம். பூட்டிய வீட்டின் முன் கோலமிட்டது யார்? கேள்வி எழும்போதே உடல் சிலிர்க்கிறது. விடையோ மிக எளியது. காவற்காரரின் மனைவி நாள்தோறும் இடுவது அது. நாம் சென்ற அன்றும் இருந்தது.

அச்சுக்கு அனுப்பும்போது ஒரு பாடம் கற்றோம். திரை தானே ஒளிவிடுவது. தாளுக்கு அவ்வொளி இல்லை. திரையில் தெளிவாயிருந்த உட்கட்டு இருளெல்லாம் முதல் அச்சில் ஒரே மையாகிவிட்டது. நிழலின் அடுக்கை மட்டும் சற்றே வெளிறச் செய்து மீண்டும் அனுப்பினாள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் தொடக்கத்திலேயே வரைந்திருந்ததால் கோடுகள் சிதையவில்லை.

மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியைப் பெரியவரிடம் கொண்டு சேர்த்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கதையை அவர் படிக்கவில்லை. கோலத்தின்மேல் விரலை வைத்து, "இது எங்க வீட்டுக்காரி போட்டதுல்ல!" என்றார். உள்ளே திரும்பி மனைவியை அழைத்தார்.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளைத் துப்புரவு செய்து, மெழுகுதிரி ஏற்றி, மறைந்தோரைப் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாழடைந்த வீடுகளும் அவ்வாறே பெயர் சொல்லக் காத்திருக்கின்றன. இவ்விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் ஒரு வீட்டைச் சுட்டி, "அது பேய் வீடு" என்றால் அதட்டாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே யார் வாழ்ந்தார்கள், ஏன் போனார்கள் என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு வரையட்டும், தாளிலோ திரையிலோ, அவர்கள் விருப்பம்.