ஆணி இல்லாத படகு, பல்லில் கவ்விய பறி: வடசென்னை அதிசயங்கள் தெரியுமா?

மெட்ராஸ் இருநூறு வருஷத்துக்கும் மேலாகத் துறைமுகமே இல்லாத துறைமுகப் பட்டணமாக இருந்தது, தெரியுமா? 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பிடித்த இந்தக் கரையில் கப்பல் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் வரிசை வரிசையாக உடையும் அலை. கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலைக்கு லாயக்கில்லை. ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது!

பலகையில் துளை போட்டு, பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். ஆமாம், தையல்தான்! உள்ளே விலாச்சட்டமும் இல்லை. அதனால் அலை தூக்கி மணலில் அறைந்தால் படகு உடையாது, நெளிந்து கொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசியும். அதை இறைக்கவே ஓர் ஆள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் ஒருவர் நீளத் துடுப்பால் திசை பிடிப்பார். கவர்னரே வந்தாலும் இதில்தான் இறங்கியாக வேண்டும். நடு அலையில் படகை நிறுத்திக் கூலியை ஏற்றிக் கேட்டார்கள் என்று பல வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்துப் புலம்பியிருக்கிறார்கள். எனக்கென்னவோ படகுக்காரர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பேரம் பேச அதைவிட நல்ல இடம் ஏது?

கடல் கொந்தளித்து மசூலாவும் இறங்க முடியாத நாளில் கப்பலுக்குக் கடிதம் எப்படிப் போகும்? தலையில்! பனையோலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து, அதை மாட்டிக்கொண்டு கட்டுமரத்தில் கிளம்பிவிடுவார்கள். அலை ஆளைத் தள்ளிவிட்டாலும் நீந்தி மறுபடி ஏறிக்கொள்வார்கள். கடிதம் நனையாது. படகு கவிழ்ந்து கடலில் விழுந்தவர்களைத் தூக்கிவந்த கட்டுமரக்காரர்களுக்குக் கம்பெனி பதக்கம் கொடுத்திருக்கிறது.

அந்தப் படகுக்காரர்கள் சொந்தக் காசில் எழுப்பியதுதான் ராயபுரத்தில் 1829-ல் கட்டி முடிந்த புனித பேதுரு ஆலயம். பேதுருவே மீனவர், தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் அவர் இராயப்பர். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பார்கள்.

கயிற்றால் தைத்த கப்பலெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2025 மே மாதம் இந்தியக் கடற்படை கார்வாரில் ‘கௌண்டின்யா’ என்ற தையல் கப்பலைச் சேர்த்துக்கொண்டது! அஜந்தா ஓவியத்தில் இருக்கும் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, தென்னங்கயிற்றால் தைத்தது.

மசூலாவுக்கு முடிவு கட்டியது துறைமுகம். 1861 வாக்கில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். கட்டியதில் பெரும் பகுதியை 1881 நவம்பர் புயல் நொறுக்கிப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். இங்கேதான் பெரிய வேடிக்கை! இந்தக் கரையோரம் மணல் நிற்பதில்லை. மொத்தக் கணக்கில் அது தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது, குப்பங்கள் பின்வாங்கின. இன்று காசிமேட்டுக்கு வடக்கே கடலைப் பார்க்கப் போனால் மணலுக்கு முன்னால் கருங்கல் வந்துவிடுகிறது. சென்னையின் அழகு என்று மெரினாவைப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த மணலில் வடசென்னையின் பங்கும் உண்டு. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லாது.

கட்டுமரம் என்ற சொல் உலகம் சுற்றிய கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், விடுங்கள். கரையேறியதும் அந்த மரத்தைக் கட்டவிழ்த்துப் போடுவார்கள் என்பது தெரியுமா? தண்ணீர் குடித்த மரம் கனக்கும்; ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காய வேண்டும். மறுநாள் மறுபடி கட்டு! மரங்களின் இடுக்கில் வந்த தண்ணீர் இடுக்கிலேயே போய்விடுவதால் மூழ்குகிற பேச்சே இல்லை. இப்போது கரை முழுக்க பைபர் போட்டுதான். ஆனாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக்கிடக்க, கட்டுமரத்துக்குத் தடை இல்லை.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வாருங்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. இருளர்கள் மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்தால் பிடித்ததை எங்கே போடுவது? ஓலையில் முடைந்த ‘பறி’யில். அதைப் பல்லில் கவ்விக்கொண்டே நகர்வார்கள்! அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிய அதே தண்ணீரில்தான் இந்தப் பிழைப்பு. அதிசயம் என்று கைதட்டி நகர்ந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

அதே சேற்றில் கிளிஞ்சலும் உண்டு. பழைய மெட்ராஸ் மாளிகைத் தூண்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் பளிங்கு என்று ஏமாந்தார்கள். பளிங்கு எங்கே வந்தது? கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்து அரைத்து, பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது! மெட்ராஸ் சுண்ணாம்பு என்றால் அன்றைக்கு அத்தனை பெயர். வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும் இதே கிளிஞ்சல்தான்.

உப்பு? 1805-லேயே கம்பெனி அதைத் தன் ஏகபோகமாக்கியது. கருவாடு போடுகிறவர்களுக்கு வரியில்லா உப்பு கொடுக்கப் பிற்பாடு அரசே வேலி போட்ட உப்புக்கண்ட முற்றங்களைத் திறந்தது. உப்பை அங்கேயே மீனில் போட வேண்டியிருந்தது.

கட்டம் போட்ட கைலி மட்டும் சும்மாவா? 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம்தான் திருவொற்றியூரின் காலடிப்பேட்டை. சோழமண்டலக் கரையில் நெய்து மெட்ராஸிலிருந்து கப்பலேறிய கட்டத்துணி, நைஜீரியாவின் நைஜர் கழிமுகம்வரை போனது. அங்கே கலபாரி மக்களுக்கு அது வெறும் துணி இல்லை, குலச்சொத்து. பிறப்பிலும் இறப்பிலும் அது வேண்டும். துணியில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, புதுக்கோலம் வரவழைப்பதைத் தனிக் கலையாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களும் ஓடைகளில் படகோட்டி மீன் பிடித்தவர்கள்தான். சம்பந்தி வீடு மாதிரி!

2021-ல் மெட்ரோ ரயில் வந்து நின்றதே, விம்கோ நகர்? அந்தப் பெயரே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். ‘கப்பல்’ படம் போட்ட தீப்பெட்டி விம்கோவின் சரக்கு. கப்பல் போகிற கரையோரத் தொழிற்சாலைக்குப் பொருத்தமான படம்தான்.

கடைசியாக, பக்கத்திலேயே தடதடக்கும் புல்லட். 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்துத் திருவொற்றியூரில் என்பீல்டு தொடங்கியது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. 1977-ல் திருவொற்றியூர் புல்லட், பிறந்த வீடான இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது, தெரியுமா?