சல்லடைக்குக் கண் எத்தனை?

செஞ்சிக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? ராஜகிரி மலையின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட களஞ்சியம் நிற்கிறது. அதைப் பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. அப்படிப்பட்ட நாட்களில் பீரங்கியைவிட நெல்தான் முக்கியம்! இந்தக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கோட்டைக் களஞ்சியம் காலியாகிவிட்டாலும் ஊருக்குள் நெல் குறையவில்லை. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் குவிந்து கிடக்கும். அரசு நெல் கொள்முதல் செய்யும்போது மண், கல் போன்றவை 100 கிலோவுக்கு 1 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி உண்டு. ஆகவே நெல்லைச் சலித்தாக வேண்டும். சலிப்பதற்குச் சல்லடை வேண்டும். எந்தச் சல்லடை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள மாவுச் சல்லடையின் மேல் அடிக்கோலை வைத்து, 1 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை கண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அதை 2.54-ஆல் பெருக்கினால் ஓர் அங்குலத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை கிடைக்கும். கடைக்காரர் ‘40 மெஷ்’, ‘60 மெஷ்’ என்று சொல்வது இதைத்தான். எண் கூடக் கூடக் கண் சிறுக்கும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிச் சல்லடை வாங்கினால் ஏமாந்து போவீர்கள். 40 மெஷ் வலையில் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை 0.635 மில்லிமீட்டர். கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்றால் மீதியுள்ள திறப்பு 0.435. கம்பி 0.3 ஆனால் திறப்பு 0.335 தான்! இரண்டுமே 40 மெஷ்; ஆனால் ஒன்றில் நுழையும் துகள் மற்றொன்றில் நுழையாது. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். முதல் வலையின் பரப்பில் சுமார் 47 சதவீதம் திறந்திருக்கிறது. இரண்டாவதில் 28 சதவீதம்தான். மெல்லிய கம்பி விரைவாகச் சலிக்கும், விரைவில் தேய்ந்தும் போகும். தடித்த கம்பி நெடுநாள் உழைக்கும், வேலை மந்தம். இரண்டு நன்மையும் ஒரே வலையில் கிடைக்காது. அதனால்தான் இந்தியத் தர நிர்ணயத்தில் சோதனைச் சல்லடைகளுக்குக் கண்ணின் திறப்பையே பெயராக வைத்திருக்கிறார்கள்: 4.75 மில்லிமீட்டர், 600 மைக்ரான் என்று. கட்டட வேலையில் 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது மணல், தங்குவது ஜல்லி.

இனி அரிசி ஆலைக்குள் போவோம். வந்து இறங்கும் நெல்லில் வைக்கோல் துண்டு, மண்கட்டி, மணல், பதர் எல்லாம் கலந்திருக்கும். சுத்தம் செய்யும் இயந்திரத்தில் இரண்டு தட்டுகள். மேல் தட்டின் கண் பெரிது. நெல் கீழே விழும், வைக்கோலும் கட்டியும் மேலேயே நிற்கும். கீழ்த் தட்டின் கண் சிறிது. இங்கே நெல் நிற்கும், மணல் விழும். காற்றை ஊதிப் பதரைப் பறக்க விடுவார்கள். இந்தத் தட்டுகள் பெரும்பாலும் பின்னிய வலை அல்ல, துளையிட்ட தகடுகள். நெல்லின் கூரிய நுனி கம்பிப் பின்னலில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும். தகடு வழுவழுப்பாக இருக்கும்.

துளையின் வடிவத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வட்டத் துளையில் தானியம் செங்குத்தாக நின்று இறங்கும். நீளம் எவ்வளவானாலும் அகலம்தான் தீர்மானிக்கும். நீண்ட பிளவு போன்ற துளையில் பக்கவாட்டில் திரும்பிப் படுத்து இறங்கும். அப்போது தடிமன் தீர்மானிக்கும். நீளத்தை வைத்துப் பிரிக்க இரண்டாலும் முடியாது. முழு அரிசியையும் நொய்யையும் பிரிப்பதற்கு, உட்புறம் குழிகள் நிறைந்த உருளை ஒன்று சுழல்கிறது. நொய் குழிக்குள் உட்கார்ந்து மேலே போய், நடுவிலுள்ள தொட்டியில் விழும். முழு அரிசி குழியில் தங்காமல் வழுக்கிவிடும்.

சரி, நெல்லின் அளவிலேயே ஒரு கல் இருந்தால்? எந்தச் சல்லடையும் தோற்றுப் போகும்! அங்கே எடைதான் கைகொடுக்கிறது. சாய்ந்த கம்பி வலைத் தட்டை அதிர வைத்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். இலேசான நெல் காற்றில் மிதந்தபடி சரிவில் கீழே இறங்கும். கனமான கல்லோ வலையோடு ஒட்டிக்கொண்டு, அதிர்வினால் மேல் நோக்கி ஏறும். கல் மேட்டில் ஏறுவதை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குக் கண்ணையே நம்ப முடியாது. உங்கள் பாட்டி அரிக்கன் சட்டியில் அரிசி அரித்துக் கல்லைப் பிரித்ததும் இதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் தண்ணீர்.

எல்லாச் சல்லடைக்கும் ஒரு பொதுவான நோய் உண்டு. கண்ணைவிட மிகச் சிறியது விழுந்துவிடும், மிகப் பெரியது உருண்டு போகும். ஏறக்குறையக் கண்ணின் அளவே உள்ளது மட்டும் சிக்கிக்கொண்டு கண்ணை அடைத்துவிடும். இதற்குப் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. தட்டின் அடியில் சில ரப்பர் பந்துகளைப் போட்டு வைக்கிறார்கள். தட்டு ஆடும்போது அவை துள்ளித் துள்ளி அடித்து அடைப்பை எடுத்துவிடும்.

வலையின் உலோகமும் இடத்துக்கு இடம் மாறும். ஈரம் படும் இடத்தில் சாதா இரும்பு துருப்பிடித்துத் துருவையே மாவில் கலந்துவிடும், அங்கே எவர்சில்வர். உப்புத் தண்ணீர் என்றால் மாலிப்டினம் சேர்த்த எவர்சில்வர் நல்லது. கருங்கல் ஜல்லி விழும் இடத்தில் எவர்சில்வர் கூடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். கல் உடைக்கும் ஆலைகளில் கார்பன் அதிகமுள்ள உருக்குக் கம்பியோ, ரப்பர் சல்லடையோ போடுகிறார்கள்.

அரிசியைத் தீட்டும் இயந்திரத்தைச் சுற்றியும் ஒரு சல்லடை உண்டு. அதன் பிளவு சுமார் 1 மில்லிமீட்டர் அகலம்தான். தவிடு அதன் வழியே வெளியேறும், அரிசி உள்ளே நிற்கும். நாளெல்லாம் அரிசி உரசி உரசிப் பிளவு அகன்றுகொண்டே போகும். இயந்திரம் வழக்கம்போல ஓடும், சத்தத்தில் ஒரு மாற்றமும் இராது. ஆனால் நல்ல நொய்யரிசி தவிட்டோடு தவிடாக மாட்டுத் தீவனத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அனுபவமுள்ள ஆலைக்காரர் அளவுகோலைத் தேடுவதில்லை. தவிடு கொட்டும் வாயில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, மெல்ல ஊதுகிறார். தவிடு பறந்த பிறகு கையில் வெள்ளையாக ஏதாவது மீந்தால், உடனே இயந்திரத்தை நிறுத்திச் சல்லடையைக் கழற்றச் சொல்கிறார்.