304 ஆட்டமும் போக்கரும்: முன்னேற்றத்தை அளப்பது எப்படி?

பண்டத்தரிப்பு உட்பட யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் பழக்கமான சீட்டாட்டம் 304. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளி. நான்கு இனத்துக்கும் 304. முதல் நான்கு தாளை மட்டும் பார்த்தே கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைக்கவேண்டும். ஒரே இனத்தின் ஜாக், ஒன்பது, ஏஸ் மூன்றும் இருக்க 160 கேட்பது நல்ல முடிவு. அடுத்த நான்கும் ஏழும் எட்டுமாக வந்து ஆட்டம் தோற்றாலும் அந்த முடிவு பிழையாகிவிடாது. தோற்றவுடன் கூட்டாளியைத் திட்டுவோர் இதைத்தான் மறக்கிறார்கள்.

சில்லறைக் காசுக்கு இணையத்தில் ஆடும் போக்கரில் இது எண்களாகவே தெரியும். அங்கே கட்டாயப் பந்தயமான பெரிய பிளைண்டே அளவுகோல். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 பிளைண்ட் வெல்லக்கூடியவருக்கும் அதே 100 ஆட்டத்தில் 90 பிளைண்ட் வரை ஏறி இறங்குவது சகஜம். ஆகவே 10,000 ஆட்டம் முடிந்த பிறகும் அவர் நட்டத்தில் நிற்கக்கூடும். ஒரு வாரக் கணக்கை வைத்துத் திறமையை எடைபோடுவது வீண்வேலை.

இரண்டு ஏஸ் இரண்டு ராஜாவை எதிர்த்தால் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை தோல்வி வந்தே தீரும். அந்தக் கோபத்தில் உதவாத தாளுக்கும் பணம் கட்டுவதுதான் பெரிய நட்டம். எவ்வளவு தோற்றால் எழும்புவது என்பதை ஆடத் தொடங்குமுன்பே தீர்மானித்துவிட வேண்டும். சந்தேகமான ஆட்டங்களைக் குறித்துவைத்து, மனம் ஆறிய மறுநாள் பார்ப்பதே பயன் தரும். சிறு பந்தயங்களில் தளம் எடுக்கும் கழிவு விகிதத்தில் கூடுதலாக இருப்பதால், அதையும் கழித்தே இலாபத்தைக் கணக்கிடவேண்டும்.