ஈட்டுத்தொகையும் நல்வாழ்வும்

தோழர்களே, ஒரு சமூகத்தின் நலம் கூடியிருக்கிறதா என்பதை எப்படி அளப்பது? 1939இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற பொருளியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். ஒரு மாற்றத்தால் ஆதாயம் பெற்றவர்கள், இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருந்தால் அது முன்னேற்றம். உண்மையில் கொடுக்க வேண்டியதுகூட இல்லை, கொடுக்க முடிந்தால் போதும்!

இந்தக் கணக்கை நம் பாடிச் சாலையில் வைத்துப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை அடைப்பு நீங்கினால் ஆதாயம் தெருவுக்கே. இழப்பு, உள்ளே இறங்கியவருக்கு. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் சாவு நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஈட்டுத்தொகை ஏறியதை நலம் ஏறியதாக எழுத முடியாது.

ஏனென்றால் யார் இறங்குவது என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. லண்டனில் பொருளாதாரம் படித்த அம்பேத்கர், சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் எழுதினார். மனம் ஒட்டாத தொழிலில் ஆளைக் கட்டிப்போடுவது பொருளாதாரத்துக்கே கேடு என்றார். (அந்த உரையை அவர் நிகழ்த்த முடியவில்லை, கூட்டமே ரத்தானது.)

2023 தீர்ப்பு தொகையோடு நிற்கவில்லை. வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு என முழு மறுவாழ்வும் தரச் சொன்னது. அது எத்தனை குடும்பங்களுக்குக் கிடைத்தது என்ற பட்டியலைத்தான் அம்பத்தூர் மண்டல அலுவலகத்தில் நாம் கேட்க வேண்டும்.